கொழும்புக் கூரையில் ட்ராக்கர்: வெயிலைத் துரத்தி என்ன கிடைக்கும்?

ஏப்ரல் 7ஆம் திகதியை ஒட்டிய நாட்களில், பகல் 12 மணி 12 நிமிடம் போல, கொழும்பில் சூரியன் சரியாகத் தலைக்கு மேலே வந்துவிடும். வெள்ளவத்தையில் அக்கா வீட்டுச் சிலாப்பில் உடுப்புக் காயப்போடும் கொடிக்காக நட்ட இரும்புக் குழாய் ஒன்று இருக்கிறது. அந்த நேரம் போய்ப் பார்த்தால் அதற்கு நிழல் இருக்காது. 2025இல் அந்தக் குழாயடியில் நின்றுதான் அத்தான் கைப்பேசியை நீட்டினார். எங்கோ ஒரு பாலைவனத்தில் வரிசை வரிசையாகச் சோலார் பனல்கள் காலையில் கிழக்கே குனிந்து, மெல்ல நிமிர்ந்து, பின்னேரம் மேற்கே சாய்கிற காணொளி.

"தம்பி, இதைப் பூட்டினால் நாப்பது வீதம் கூடக் கரண்ட் வருமாம். எங்கட ஒன்பது பனலுக்கும் ஒரு மோட்டர் போட்டால் என்ன? நீர் என்ன சொல்லுறீர்?"

ஒரு வாரம்கூடக் கழியவில்லை. சித்திரைப் புத்தாண்டு விடுமுறைக்காக மின்சார சபை ஒரு வேண்டுகோள் விட்டது: ஏப்ரல் 13 முதல் 21 வரை, கூரையில் சோலார் வைத்திருப்பவர்கள் பகல் 3 மணி வரை அதை நிறுத்தி வைத்து உதவ வேண்டும். கூடக் கரண்ட் எடுக்க வழி தேடியவரிடம், எடுப்பதையே நிறுத்தச் சொன்னால் எப்படி இருக்கும்? அத்தானுக்குக் கோபம் வந்தது நியாயம்தான். ஆனால் ட்ராக்கர், அதாவது சூரியன் நகர நகரப் பனலை அதன் பக்கம் திருப்பும் அந்தக் காணொளிப் பொறி, கொழும்புக்குச் சரிவருமா என்ற கேள்விக்கு விடை, அந்தக் காணொளிக்கும் இந்த வேண்டுகோளுக்கும் இடையில்தான் கிடக்கிறது.

முதலில் அந்த நாற்பது வீதம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். வானத்தில் சூரியன் மணிக்கு 15 பாகை நகர்கிறது. நாலு நிமிடத்துக்கு ஒரு பாகை. சமதளமாகப் படுத்திருக்கும் பனலுக்கு நண்பகலில் முழு வெயில். இரண்டு மணி நேரம் முன்னே போனால் 87 சதவீதம். மூன்று மணி நேரம் முன்னே, காலை 9.10 போல, 71. காலை 8.10க்குச் சூரியன் அடிவானத்திலிருந்து 30 பாகை உயரத்தில்தான் இருக்கும். பனல் பிடிப்பது பாதி. 7.10க்குக் கால்வாசி. பனல் ஒன்றும் குறைந்துவிடவில்லை. சூரியனின் இடத்தில் நின்று பார்த்தால் அது ஒரு கோடு போல ஒடுங்கித் தெரிகிறது, அவ்வளவுதான். அதே பனலை எப்போதும் சூரியனுக்கு முகம் காட்டித் திருப்பிக்கொண்டே இருந்தால், வெறும் கேத்திரகணிதப்படி நாள் முழுவதும் சேரும் வெயில் 57 சதவீதம் கூடும்.

ஆனால் காலை வெயில் வளிமண்டலத்தைச் சரிவாக, நீண்ட தூரம் ஊடறுத்து வருவதால் வரும்போதே மெலிந்துதான் வருகிறது. ஆகவே தெளிந்த வானமுள்ள வறண்ட நாடுகளில் அந்த 57 இறங்கி முப்பது, நாற்பதில் நிற்கும். காணொளிக்காரர் சொன்னது அந்த இடத்துக் கணக்கு. பொய் என்று சொல்ல முடியாது.

ட்ராக்கரில் இரண்டு வகை. ஓர் அச்சு ட்ராக்கரில் வடக்குத் தெற்காக ஒரு நீண்ட இரும்புக் குழாய் கிடையாக ஓடும். அதன் முதுகில் பல பத்துப் பனல்கள். ஒரே மோட்டர் அந்தக் குழாயை முறுக்கி, கிழக்கே 60 பாகை வரையும் மேற்கே 60 பாகை வரையும் சாய்க்கும். இரண்டு அச்சு ட்ராக்கர் அப்படியல்ல. ஒற்றைத் தூணின் உச்சியில் பெரிய தட்டு. கிழக்கு மேற்காகவும் திரும்பும், மேல் கீழாகவும் சாயும். ஸ்பெயின், ஜேர்மனி மாதிரி வடக்கே தள்ளி இருக்கும் நாடுகளில் சூரியன் கோடையில் உயரவும் குளிர்காலத்தில் மிகத் தாழவும் ஓடுவதால், இந்த இரண்டாவது அச்சுக்கு நிறைய வேலை உண்டு.

கொழும்பு இருப்பது வடக்கு அகலாங்கு 6.9 பாகையில். இங்கே ஆண்டு முழுவதும் பகல் பன்னிரண்டு மணி நேரத்தைச் சுற்றியேதான். டிசம்பர் 21 நண்பகலில் சூரியன் உச்சியிலிருந்து 30 பாகை தெற்கே விலகி நிற்கும். ஜூன் 21இல் 16 பாகை போல வடக்கே. ஆம், வடக்கே. ஏப்ரல் முதல் வாரத்திலிருந்து செப்டம்பர் முதல் வாரம் வரை கொழும்பில் நண்பகல் நிழல் தெற்குப் பக்கம் விழும். பனலைத் தெற்கே பார்க்கத்தான் வைக்க வேண்டும் என்று இணையத்தில் படித்துவிட்டு வந்து, பூட்ட வந்த பாஸோடு சண்டை பிடிப்பவர்களை நான் கண்டிருக்கிறேன். 10 பாகை சரிவுக் கூரை வடக்கே பார்த்தாலும் இங்கே போவது சில சதவீதம்தான். அந்த 10 பாகைகூட வெயிலுக்காக இல்லை; மழை அழுக்கைக் கழுவிக்கொண்டு வழிந்து ஓட வேண்டுமே, அதற்காக.

இதனால் இரண்டாவது அச்சு கொழும்பில் தரும் கூடுதல் ஆண்டுச் சராசரியில் நாலைந்து சதவீதம்தான். அதற்காக இன்னொரு மோட்டரும், காற்றை முகத்தில் வாங்கும் ஒற்றைத் தூணும் தேவையில்லை. வைப்பதென்றால் ஓர் அச்சு போதும். எங்கள் அகலாங்கு ஓர் அச்சு ட்ராக்கருக்கென்றே அமைந்த மாதிரி.

அப்படியானால் வைக்கலாம்தானே? வானத்தைப் பார்க்க வேண்டும்.

அதை எனக்கு வடிவாகக் காட்டியது மருமகன் செய்த ஒரு பொருள். பாடசாலை விஞ்ஞானக் கண்காட்சிக்காக அவன் ஒரு சின்ன ட்ராக்கர் கட்டியிருந்தான். ஐஸ்கிறீம் குச்சிச் சட்டம், சிறிய சேர்வோ மோட்டர், மோட்டரை இயக்க ஆர்டுயினோ என்ற சின்னக் கணினிப் பலகை, வெளிச்சம் பட்டால் மின்தடை குறையும் இரண்டு எல்.டி.ஆர் சென்சர். இரண்டு சென்சருக்கும் நடுவே சுவர் மாதிரி ஒரு காட்போட் துண்டு. சூரியன் ஒரு பக்கம் சரிந்தால் மறுபக்கச் சென்சரில் காட்போட்டின் நிழல் விழும். இரண்டிலும் சமமாக வெளிச்சம் விழும் வரைக்கும் மோட்டர் திருப்பும். தந்திரம் அவ்வளவுதான். காலை ஒன்பது மணிக்குச் சிலாப்பில் வைத்தபோது அழகாக வேலை செய்தது. நாங்கள் தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் கடல் பக்கமிருந்து மேகம் வந்தது. வானம் முழுவதும் ஒரே வெள்ளை. எந்தப் பக்கமும் நிழல் இல்லை. ட்ராக்கர் இப்படியும் அப்படியும் தலையாட்டத் தொடங்கியது. "மாமா, அதுக்குப் பைத்தியம் பிடிச்சிட்டுது" என்றான். மேகம் கொஞ்சம் விலகியதும் அது உறுதியாக ஒரு பக்கம் திரும்பி நின்றது: எதிரே புதிதாக எழும்பிய மாடிக் கட்டடத்தின் கண்ணாடிச் சுவரைப் பார்த்து.

பெரிய மின் நிலையங்களில் உள்ள ட்ராக்கர்கள் இந்தத் தவறைச் செய்வதில்லை. அவை பெரும்பாலும் சூரியனைப் பார்ப்பதே இல்லை. அவற்றின் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் இருப்பதைப் பஞ்சாங்கம் என்று சொல்லலாம். இடத்தின் அகலாங்கு, நெட்டாங்கு, திகதி, நேரம் தெரிந்தால் சூரியன் எந்தப் பாகையில் நிற்கும் என்று கணித்துவிடலாம். சில நிமிடங்களுக்கு ஒருமுறை குழாயைச் சிறிது முறுக்கி, சாய்வுமானி காட்டும் கோணத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்த்துக்கொள்ளும். மோட்டர் குடிக்கும் கரண்ட் சொற்பம். காலையில் இன்னொரு வேலையும் உண்டு. தாழ்ந்த வெயிலுக்கு நேரே முகம் காட்டி எல்லா வரிசையும் செங்குத்தாக எழும்பினால், முன்வரிசையின் நிழல் பின்வரிசையில் விழும். அதனால் அதிகாலையில் வேண்டுமென்றே சூரியனை விட்டுச் சற்று மட்டமாகச் சாய்ந்து நின்று, நிழல் சுருங்கச் சுருங்கத்தான் நேரே திரும்பும். காணொளியைக் கூர்ந்து பார்த்தால், சூரியன் எழும்போது பனல்கள் எதிர்மாறாக, வான்பக்கத்தை விட்டுக் கிழக்கே சாய்வது தெரியும். பிழை வேலை என்று நினைக்க வேண்டாம்.

பஞ்சாங்கம் இருந்தாலும் மேகம் மேகம்தான். சூரிய ஒளி இரண்டு விதமாக வருகிறது: சூரியனிடமிருந்து நேரே வரும் வெயில், மேகத்திலும் ஈரக் காற்றிலும் பட்டுச் சிதறி வானம் முழுவதிலுமிருந்து வரும் வெளிச்சம். ட்ராக்கருக்கு லாபம் நேர் வெயிலில் மட்டும். சிதறிய வெளிச்சத்துக்குத் திசை கிடையாது; அதைப் பிடிக்க மல்லாந்து படுப்பதுதான் உத்தி. 60 பாகை சாய்ந்த பனலுக்கு வானத்தில் நாலில் ஒரு பங்கு கண்ணிலிருந்து மறைந்துவிடும். மூட்டமான நாளில் ட்ராக்கர் சூரியன் இருக்கும் பக்கம் விசுவாசமாகத் திரும்பி நின்றால், சும்மா படுத்திருக்கும் பனலைவிடக் குறைவாகத்தான் தரும். நல்ல கட்டுப்பாட்டுக் கருவிகள் மூட்டத்தைக் கண்டால் பனலைப் படுக்கப் போட்டுவிடும்.

கொழும்பில் இந்தச் சிதறிய வெளிச்சத்தின் பங்கு பெரிது. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. ஏப்ரலிலும் ஒக்ரோபர், நவம்பரிலும் காலை பளிச்சென்று விடியும். பின்னேரம் இடி மின்னலோடு மழை. தொடர்ந்து தெளிந்த வானம் கிடைப்பது ஜனவரி, பெப்ரவரியில்தான். நாற்பது வீதம் இங்கே வராது. பதினைந்து வீதத்தைச் சுற்றி எதிர்பார்க்கலாம் என்பது என் மதிப்பீடு. நல்ல வருடத்தில் கொஞ்சம் கூடும்.

அந்தப் பதினைந்தை அத்தான் வீட்டுக் கணக்கில் போட்டுப் பார்த்தோம். கொழும்பில் ஒரு கிலோவாட் பனல் மாதம் 100 முதல் 120 யூனிட் தரும் என்பது பூட்டுகிறவர்கள் எல்லோரும் சொல்லும் வாய்க்கணக்கு. அத்தானின் ஒன்பது பனலும் சேர்ந்தால் 5 கிலோவாட் போல; அதற்கு 550 யூனிட் என்று வைப்போம். பதினைந்து சதவீதம் என்றால் 82 யூனிட். 2025இல் அறிவித்த விலைப்படி, 5 கிலோவாட் வரையிலான வீட்டுக்கு யூனிட்டுக்கு 20 ரூபா 90 சதம். மாதம் 1,700 ரூபா போல. இதற்குக் குழாய், மோட்டர், பெயரிங், கட்டுப்பாட்டுப் பெட்டி, வருடாவருடம் கிறீஸ் போட ஓர் ஆள்.

மறுபக்கம் பாருங்கள். 5 கிலோவாட்டில் பதினைந்து சதவீதம் என்பது 750 வாட். இன்றைய ஒரு பனல் 550, 600 வாட். அதாவது ஒன்றரைப் பனல்கூட இல்லை. இரண்டு பனல் கூடப் போட்டால் ட்ராக்கர் தருவதைவிட அதிகம் வந்துவிடும், அசையாமலே.

ஒரு காலத்தில் இந்தக் கணக்கு நேர் எதிராக இருந்தது. 1982இல் கலிபோர்னியாவின் ஹெஸ்பீரியாவில் ஆர்கோ சோலார் நிறுவனம் 1 மெகாவாட் நிலையத்தைக் கட்டியபோது பனல்களை 108 இரண்டு அச்சு ட்ராக்கர்களில் ஏற்றியது. அன்று பனல் பொன் விலை. இரும்பும் மோட்டரும் மலிவு. ஒவ்வொரு பனலையும் பிழிந்தெடுப்பதில் அர்த்தம் இருந்தது. 2010இலும் தொழிற்சாலை வாசலில் பனல் ஒரு வாட்டுக்கு 2 டொலரை ஒட்டி இருந்தது. 2024இல் அது 10, 15 சதத்துக்கு இறங்கிவிட்டது. பனல் இப்போது கூரையில் மலிவான பாகங்களில் ஒன்று. மலிவான பொருளைச் சிக்கனப்படுத்த விலை கூடிய பொருளை வாங்குவானேன்?

காற்றையும் உப்பையும் இன்னும் சொல்லவில்லை. ஒரு பனல் கிட்டத்தட்ட இரண்டரைச் சதுர மீற்றர். ஒன்பது பனலையும் ஒரு குழாயில் ஏற்றிச் சாய்த்தால் அது பாய்மரம். தகரக் கூரையோடு ஒட்டிப் படுத்திருக்கும் பனலுக்கு அந்தப் பயம் குறைவு. வெள்ளவத்தையில் கடலுக்கு இருநூறு மீற்றரில் இருப்பவர்களுக்கு உப்பைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சன்னல் கிறில் பொருக்கு விடும். ஏசியின் வெளிப்பெட்டித் தகடுகள் மூன்று நாலு வருடத்தில் கையில் உதிரும். அந்தக் காற்றில் ஒரு நாளைக்கு நூறு தடவை அசைய வேண்டிய பெயரிங்கை இருபது வருடத்துக்கு விடுவது துணிச்சல்தான். கூரையில் அசையும் சாமான் எதையும் வைக்காதே என்பார் எனக்குத் தெரிந்த மின் ஒப்பந்தக்காரர் ஒருவர். சிலிங் ஃபேனைத் தவிர என்று சிரிப்பார்.

இவ்வளவோடு ட்ராக்கரை ஒதுக்கிவிட்டுப் போகலாம். ஆனால் அதில் யூனிட்டைவிடப் பெரிய பெறுமதி ஒன்று இருக்கிறது. அதைப் பார்க்கத்தான் ஏப்ரல் வேண்டுகோளுக்குத் திரும்ப வேண்டும்.

நிலையான பனலின் ஒருநாள் உற்பத்தியை வரைந்தால் அது ஒரு கூம்பு: காலையில் மெல்ல ஏறி, நண்பகலில் உச்சம் தொட்டு, இறங்கும். ட்ராக்கரின் படம் மேசை மாதிரி: எட்டு மணிக்குள் விறுவிறென்று மேலே ஏறி, நாலு மணி வரை மட்டமாக ஓடி, பிறகு விழும். கூடுதல் யூனிட் அத்தனையும் வருவது காலையிலும் பின்னேரத்திலும். நண்பகலில் ட்ராக்கர் அனேகமாக ஒன்றும் கூட்டுவதில்லை.

இலங்கையின் மின் தொகுதிக்கு இப்போது தொண்டையில் சிக்கியிருப்பது அந்த நண்பகல்தான். 2010இல் நெட் மீற்றரிங் வந்தது: கூரை கொடுத்த யூனிட்டை வீடு எடுத்த யூனிட்டில் கழித்துக்கொள்ளும் முறை. 2016 செப்டம்பரில் 'சூரிய பல சங்கிராமய' என்ற பெயரில் அரசு கூரைச் சோலாரை ஊக்குவித்தது. மிஞ்சும் யூனிட்டுக்குக் காசு தரும் நெட் அக்கவுண்டிங் திட்டத்தில் முதல் 7 வருடத்துக்கு யூனிட்டுக்கு 22 ரூபா, பிறகு 20ஆம் வருடம் வரை 15 ரூபா 50 சதம். நெருக்கடிக் காலத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு விலை 37 வரை ஏறி, 2024இல் 27க்கு இறங்கியது. கூரைகளில் மட்டும் ஆயிரம் மெகாவாட்டுக்கு மேல் ஏறிவிட்டது. வெயில் நாளின் பதினொரு மணிக்கு இவை எல்லாம் ஒன்றாக ஓடும். புத்தாண்டு விடுமுறையில் தொழிற்சாலையும் அலுவலகமும் பூட்டியிருக்கும். சூரியன் நேர் உச்சியில். கொடுப்பவர் பலர், வாங்குபவர் இல்லை.

கூடினால் என்ன, நல்லதுதானே என்று தோன்றும். தொகுதியில் நீர் மின், அனல் மின் நிலையங்களின் பாரமான சுழலிகள் சுழன்றுகொண்டிருந்தால்தான், எங்காவது ஒரு பழுது வந்தாலும் அவற்றின் வேகமே சில கணங்களுக்கு அதிர்வெண்ணைத் தாங்கிப் பிடிக்கும். பனல் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் இன்வேர்ட்டருக்கு அந்தப் பாரம் இல்லை. சோலார் கூடக் கூடச் சுழலிகளை நிறுத்த வேண்டிவரும். தாங்கும் பலமும் போகும். 2025 பெப்ரவரி 9, ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், பாணந்துறை உபநிலையத்தில் ஒரு குரங்கு பட்டு நாடு முழுவதும் இருண்டது நினைவிருக்கும். எல்லோரும் குரங்கைப் பற்றியே பேசினோம். தேவை குறைந்த ஞாயிறு, சோலார் நிறைந்த முற்பகல், சுழலிகள் குறைந்த தொகுதி என்பவற்றைப் பேசியவர்கள் குறைவு.

ஒழுங்கைக்குள்ளும் இதன் சின்னப் பதிப்பு நடக்கிறது. ஒரே டிரான்ஸ்ஃபோமரில் பத்து வீடு நண்பகலில் கரண்டைத் தள்ளினால் லைனில் வோல்டேஜ் ஏறும். 230க்குப் பதில் இன்வேர்ட்டர் திரையில் 250ஐத் தாண்டிய எண் தெரியும். பிறகு அது தானாக நின்றுவிடும். நல்ல வெயிலில் பனல் சும்மா கிடக்கிறதே என்று அத்தான் தலையில் கைவைத்த நாட்கள் உண்டு.

ஆகவே தொகுதிக்கு வேண்டியது மேசை வடிவம். ஹம்பாந்தோட்டை, மன்னார், கிளிநொச்சி மாதிரி நிலம் அகலமாகவும் வானம் தெளிவாகவும் உள்ள வறண்ட வலயத்தில், தரையில் கட்டும் நிலையங்களுக்கு ட்ராக்கர் வாதம் உண்மையிலேயே பலமானது. இரண்டு பக்கமும் வெளிச்சம் பிடிக்கும் பனலோடு சேர்த்தால் இன்னும் நல்லது. ஆனால் கூரைக்காரருக்குப் பகலில் எந்த நேரத்தில் கொடுத்தாலும் யூனிட்டுக்கு ஒரே விலை. காலை எட்டரை மணிக்குக் கொடுக்கும் யூனிட்டுக்குக் கூடுதல் விலை தந்தால் தவிர, வடிவத்துக்காக யார் செலவு செய்வார்?

சரி, அசையாமல் மேசை வடிவம் எடுக்க முடியாதா? பாதிப் பனலைக் கிழக்கேயும் பாதியை மேற்கேயும் சரித்து வைத்தால் போதும், காலையும் மாலையும் கூடும் என்று விற்பனைக்காரர்கள் சொல்கிறார்கள். பாதிதான் உண்மை. கொழும்புக் கூரைகளின் 10, 15 பாகைச் சரிவில், காலை எட்டு மணிக்குக் கிழக்குப் பனல் கூட்டுவதை மேற்குப் பனல் குறைத்துவிடும். கூட்டிப் பார்த்தால் அதே கூம்பு, ஒன்றிரண்டு சதவீதம் குட்டையாக. 40, 45 பாகை சரித்தால்தான் வடிவம் மாறும். முழுவதையும் கிழக்கே 15 பாகை சரித்து வைப்பது வேறு கதை: உச்சம் ஒரு மணி நேரம் முன்னே நகரும், பின்னேர மழைக்கு முன் வேலை முடியும், போவது மூன்று சதவீதம் போல.

பனல் மலிந்த காலத்துக்கு இன்னும் எளிய வழி, அதே இன்வேர்ட்டருக்குக் கூடப் பனல். 5 கிலோவாட் இன்வேர்ட்டருக்குப் பின்னால் ஆறு, ஆறரைக் கிலோவாட் பனல் பூட்டினால், காலை எட்டரைக்கும் பின்னேரம் நாலுக்கும் அந்த அளவுக்குக் கூடுதலாக வரும். நண்பகலில் இன்வேர்ட்டர் 5க்கு மேல் விடாது, உச்சி சீவப்பட்டுவிடும். வீணாகிறதே என்று மனம் பதறும். ஆனால் சீவப்படுவது யாருக்கும் வேண்டாத அந்த நண்பகல் கரண்ட்.

இரவு உச்சத்துக்கு இதில் எதுவும் உதவாது. 6.30 முதல் 10.30 வரைதான் நாடு அதிகம் கேட்கும் நேரம். கொழும்பில் சூரியன் மறைவது 5.50க்கும் 6.30க்கும் இடையில். எந்த ட்ராக்கரும் மறைந்த சூரியனைத் தேடிப் பிடிக்காது. அதற்குப் பற்றரிதான்.

அத்தான் கடைசியில் எழுத்தில் அனுமதி கேட்டு, குசினிக்கு மேலுள்ள கிழக்குத் தகரக் கூரையில் இரண்டு பனல் கூடப் போட்டார். இன்வேர்ட்டர் பழையதுதான். முன்பு காலை எட்டரைக்கு 2 கிலோவாட் காட்டிய திரையில் இப்போது இரண்டரை வரை போகிறது என்று படம் எடுத்து அனுப்புகிறார். மருமகனின் ட்ராக்கர் கண்காட்சியில் இரண்டாம் இடம் எடுத்துவிட்டு வீடு திரும்பி, தண்ணீர் டாங்கிக்குப் பக்கத்தில் கிடக்கிறது. உப்புக் காற்றில் மோட்டர் இறுகிவிட்டது. கடைசியாகத் திரும்பிய பக்கமே பார்த்துக்கொண்டிருக்கிறது, எதிர் மாடிக் கட்டடத்தின் கண்ணாடியை.